டிக்கிக்குள் ஒரு மண்டலம்

14

‘செகப்புத்தான் வரும். வேற எது வந்தாலும் அது ஆத்தா செஞ்ச அதிசயம்.’

வசந்தாமணி கண்ணை மூடிக் கைகூப்பி நின்றாள். பக்கத்தில் நின்ற கணவர் தனபாலுக்கு அது பக்தியாகத் தெரிந்திருக்கும். உள்ளே அவள், கேள்வித்தாளை முன்பே பார்த்துவிட்டுப் பரீட்சைக்கு வந்த பிள்ளையைப் போலப் படபடத்துக்கொண்டிருந்தாள்.

குலதெய்வத்திடம் பூக் கேட்காமல் அவர்கள் வீட்டில் எதுவும் நடக்காது. போர் போட, பெண் கொடுக்க, பட்டறைக்குப் புதுக் கொட்டகை போட, எல்லாவற்றுக்கும் பூதான். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். இரண்டையும் வாழையிலையில் ஒன்றுபோல மடித்துக் கட்டி ஆத்தாவின் காலடியில் வைத்து, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிட வேண்டும்.

பொட்டலம் மடிப்பது வீட்டுப் பெண்ணின் வேலை. முப்பது வருடமாக அது வசந்தாமணியின் கை. அந்தக் கை இன்று காலை முதன்முதலாகத் தப்புச் செய்திருந்தது. இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளியே இருந்தது.

ஆத்தாவிடம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் நடக்கிற பழைய கார் கண்காட்சிக்கு தனபாலின் மோரிஸ் மைனரைக் கொண்டு போகலாமா, கூடாதா?

பூசாரியின் மகள் தனப்பிரியா பள்ளிக்கூடச் சீருடையில் நின்றிருந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவள் யோசிக்காமல் குனிந்து, கைக்குக் கிடைத்ததை எடுத்து அப்பாவிடம் நீட்டிவிட்டு ஓடினாள்.

பூசாரி பிரித்தார். உள்ளே வெள்ளை.

வசந்தாமணி பூசாரியின் கையை எட்டிப் பார்த்தாள். சிவப்பை வைத்த இடத்தில் வெள்ளை பூக்குமா? இத்தனை வருடம் அரைமனதாகக் கும்பிட்ட தெய்வம் இப்படியா வந்து நிற்கும்? கண்ணில் நீர்கூட வந்துவிட்டது.

அப்புறம்தான் பூசாரி கீழே போட்ட நூலைப் பார்த்தாள். அவள் கட்டியது வாழை நாரில். இது நீல நிற நைலான் நூல். லாரி சீட் தைக்கிற நூல்.

தனபால் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

குழாயடியில் அவள் கால் கழுவப் போனபோது, தாம்பாளத்தை நான் வெச்சுக்கறேன் என்று வாங்கிக்கொண்டாரே. கோயில் வேலி முழுக்க வெள்ளை அரளிதான் பூத்துக் கிடக்கிறது. வண்டியில் எப்போதும் ஒரு கண்டு சீட் நூல் கிடக்கும். ஆத்தா ஒரு பேச்சும் பேசவில்லை. அவளை யாருமே பேச விடவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் தனபால் சீட்டியடித்துக்கொண்டே வந்தார். வசந்தாமணி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். நீங்க திருடிட்டீங்க என்று சொல்ல அவளுக்கு ஆசைதான். சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார்.

*

தனபாலுக்கு நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை. ஐம்பத்தாறு வயதுவரை ஒரு லாரியின் நெற்றியில் எந்த நிறத்தில் என்ன எழுத வேண்டும் என்பதைத் தவிர வேறு எதிலும் அவருக்கு ஆசை இருந்ததில்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து ஷெட்டில், கோழி அடைத்து வைத்திருந்த மோரிஸ் மைனரைப் பார்த்தார். 1955ஆம் வருடத்து வண்டி. அதோடு புத்தி அங்கேயே நின்றுவிட்டது.

முதலில் அதற்குக் கிளிப்பச்சை அடித்து, கதவில் தாமரை வரைந்து, நெற்றியில் குலதெய்வம் பெயர் எழுதி, ஏர் ஹாரனும் மாட்டினார். கண்காட்சிக் குழுவில் இருந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு, இது ஆகாது என்றுவிட்டார்கள். பழைய கார் என்றால் அது பிறந்தபோது இருந்தபடியே இருக்க வேண்டுமாம். அத்தனையையும் சுரண்டி, சாம்பல் நிறம் அடித்து முடிக்க இன்னொரு வருடம் ஆனது. இப்போது பாக்கி ஒன்றே ஒன்று. டிக்கியின் பூட்டு, குரோம் பூசுவதற்குச் சேலம் போயிருந்தது. பூட்டு இல்லாததால் டிக்கி மூடி நாலு விரற்கடை திறந்தபடியே கிடந்தது.

அந்த நாலு விரற்கடைதான் இப்போது வசந்தாமணியின் தலைவலி.

தொடங்கியது ஒரு காமிராவில். அது அவளுக்காக வாங்கியதல்ல. காரைப் படம் எடுத்து ஆல்பம் போட வேண்டும் என்று மாப்பிள்ளை யோகேஷ் மாமனாருக்கு வாங்கிக் கொடுத்தது. தனபால் எடுத்த எல்லாப் படங்களிலும் அவருடைய கட்டைவிரல் விழுந்தது. கடைசியில் காமிரா வசந்தாமணியின் கழுத்துக்கு வந்தது. ஊட்டிக்கும் கோவைக்கும் புதுச்சேரிக்கும், எங்கே பழைய கார் கண்காட்சி என்றாலும் படம் எடுக்க அவள் போனாள். கோவையில் எடுத்த இருநூற்றுப் பதினான்கு படத்தில் நூற்றுத் தொண்ணூறு, விளக்குக் கம்பத்தின் மேல் உட்கார்ந்திருந்த ஒரு கரும்பருந்து. மீதியில் கார்கள் இருந்தன, ஓரமாக.

ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. கார்களைப் பார்த்தால் அவை திருப்பிப் பார்ப்பதில்லை. பருந்து பார்த்தது. ஐம்பத்தொரு வயதில், தன்னிடம் எதுவும் கேட்காமல் தன்னைப் பார்க்கிற ஒன்றை அவள் முதன்முறையாகச் சந்தித்திருந்தாள்.

தைக் கடைசியில் ஒரு சாயங்காலம் எருமப்பட்டித் தோட்டத்துக்கு வெண்டைக்காய் பறிக்கப் போனாள். பட்டறையில் இடமில்லாததால் மோரிஸ் அங்கே பழைய கோழிக் கொட்டகையில் நின்றிருந்தது. டிக்கி இடுக்கிலிருந்து இரண்டு மஞ்சள் கண்கள் அவளைப் பார்த்தன. பார்த்தபடியே தலையை மேலும் கீழும் ஆட்டின, ஒரு கணக்கு வாத்தியார் விடையை ஒப்புக்கொள்வது போல. புள்ளி ஆந்தை. உள்ளே கோணிச் சாக்கின் மேல் மூன்று வெள்ளை முட்டைகள். அன்று ஒரு தடவைதான் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். அப்புறம் தூக்கவே இல்லை.

அன்றிலிருந்து தினமும் ஸ்கூட்டியில் பன்னிரண்டு கிலோமீட்டர். கொட்டகையின் மறுகோடியில் பழைய தீவனத் தட்டுகளின் அடுக்குக்குப் பின்னால் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாள். வெளிச்சம் சாயும் வரைக்கும் ஒரு மணி நேரம்.

பின்னால பெயிண்ட் இன்னும் காயலீங்க, தொட்டுறாதீங்க என்று கணவரிடம் சொல்லி வைத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வந்து முன்பக்கத்தை மட்டும் துடைத்துவிட்டுப் போவார். பம்பரில் விழுகிற எச்சத்தை அவளே தினமும் ஈரத்துணியால் துடைத்தாள். ஒரு நாள் அதைப் பார்த்த தனபால், மனைவிக்கும் காரின் மேல் பாசம் வந்துவிட்டதென்று நெகிழ்ந்து, போனைத் துடைக்கிற சாக்கில் வெளியே போய்விட்டார். அன்றைக்கு மட்டும் அவளுக்கு உண்மையைச் சொல்லிவிடலாமா என்று இருந்தது. சொல்லவில்லை. லாரிக்காரர்களுக்கு ஆந்தை ஆகாது. வண்டி மேல் ஆந்தை உட்கார்ந்தால் அன்று லோடு ஏற்ற மாட்டார்கள்.

இப்போது மூன்று குஞ்சுகள். பொரித்துப் பதினெட்டு நாள். பறக்க இன்னும் பன்னிரண்டு நாளாவது வேண்டும். கண்காட்சிக்கு இருப்பது இரண்டு நாள்.

*

மத்தியானம் மகள் சௌந்தர்யா சேலம் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து வந்து இறங்கினாள். கையில் வெல்வெட் துணியில் சுற்றிய டிக்கிப் பூட்டு. நகைக் கடையிலிருந்து தாலி வாங்கி வந்ததைப் போல அதை அப்பாவிடம் கொடுத்தாள். தனபாலும் அதை அப்படித்தான் வாங்கினார். கண்ணில் ஒற்றிக்கொண்டதை வசந்தாமணி பார்த்தாள்.

அவர் பட்டறைக்குப் போய் மெக்கானிக் அன்பழகனை அழைத்துக்கொண்டு மூன்றரைக்குத் தோட்டத்துக்கு வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். பூட்டை மாட்டி, எலுமிச்சை வைத்து, நல்ல நேரத்தில் வண்டியை வெளியே எடுக்க வேண்டும்.

“அம்மா, காமிராவைக் குடு. ஆல்பத்துக்கு நல்ல படமா பத்து வேணும்னு உங்க மாப்ள கேட்டாரு.”

“நானே எடுத்துத் தாரேன், இரு.”

“நீ சோத்தப் போடு. நான் பாத்துக்கறேன்.”

வசந்தாமணி ரசத்தைக் கரண்டியில் எடுத்தவள் அப்படியே நின்றாள். பின்னால் மடிக்கணினியின் சொடுக்கல் சத்தம் கேட்டது. ஒரு சொடுக்கு. இன்னொன்று. அப்புறம் வேகமாக வரிசையாக. பிறகு சத்தமே இல்லை.

“ஏம்மா, இதுல அறுநூறு படம் இருக்குது.”

“ம்.”

“அறுநூறும் டிக்கி.”

“ம்.”

“டிக்கிக்குக் கண்ணு இருக்குது.”

வசந்தாமணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பூவைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. சொல்லச் சொல்ல, தன் குரல் தனக்கே புதிதாக இருப்பதை உணர்ந்தாள். கல்யாணத்துக்கு முன்பு தங்கை ராஜம்மாளிடம் ரகசியம் பேசுகிற குரல் அது. முப்பது வருடமாக அதை எங்கே வைத்திருந்தோம் என்று நினைத்துக்கொண்டாள்.

சௌந்தர்யா கேட்டுக்கொண்டே படங்களைத் தள்ளினாள். ஒரு படத்தில் நின்றுவிட்டாள். மூன்று குஞ்சுகளும் இடுக்கில் முகத்தை வரிசையாக வைத்துக்கொண்டு, ஷேர் ஆட்டோவில் இடம் கிடைத்தவர்கள் போல வெளியே பார்த்துக்கொண்டிருந்தன. அவள் சிரித்துவிட்டாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

அவளுக்கு அவள் கவலை. மாமனார் சண்முகவேல் சேலத்து வீட்டில் இருந்துகொண்டே எடப்பாடியில் நாற்பது தறி ஓட்டுகிறவர். அவரும் கண்காட்சிக்கு ஒரு பழைய ஜீப்பைக் கொண்டு வருகிறார். சம்பந்தி காரைப் பற்றி இரண்டு வருடமாகக் கேட்கிறோம், கண்ணால்தான் பார்த்ததில்லை என்று வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறார். சாப்பாட்டு மேஜையில் அந்தச் சிரிப்புக்கு நடுவில் உட்கார்ந்து சாதம் பிசைவது சௌந்தர்யாதான். இந்தத் தடவையும் கார் வரவில்லை என்றால் அவள் எந்த முகத்தோடு உட்காருவாள்? ஒரு பெட்டியில் சாக்கைப் போட்டுக் குஞ்சுகளை அதில் மாற்றிவிட்டால் என்ன என்று கேட்டாள்.

“தாய் வராது, கண்ணு. வந்தாலும் வரும். வராட்டி மூணும் போயிரும். எனக்குத் தெரியாது. தெரியாத ஒண்ண நான் செய்யமாட்டேன்.”

“அப்பா ரெண்டு வருசமா இதே நெனப்பா இருக்காரும்மா.”

“தெரியும்.”

தெரிந்துதான் செய்கிறேன் என்பதுதான் வசந்தாமணியை உறுத்தியது. அந்த மனிதர் கெட்டவரென்றால் இது எளிதாக இருந்திருக்கும். அவர் பூட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்.

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சௌந்தர்யா அம்மாவின் கையைப் பிடித்துச் சொன்னாள். சொல்லிவிட்டு அந்த ஷேர் ஆட்டோ படத்தை யோகேஷுக்கு மட்டும் அனுப்பினாள். கணவனைத் தவிர வேறு யாருக்கும் அனுப்பவில்லை என்பதில் அவளுக்கு மனசாட்சி தெளிவாக இருந்தது.

*

மூன்றே முக்காலுக்கு தனபால் கொட்டகைக்குள் நுழைந்தபோது, வசந்தாமணியும் சௌந்தர்யாவும் முன்பே அங்கே இருந்தார்கள். வசந்தாமணி டிக்கிக்கும் அவருக்கும் நடுவில் நின்றாள்.

“ஏனுங்க, பூட்ட நாளைக்கு மாட்டிக்கலாமுங்களா?”

“நாளைக்கு அஷ்டமி.”

“திங்கக்கெழம?”

“ஞாயித்துக்கெழம காருக்கு திங்கக்கெழம பூட்டா? நவுரு புள்ள.”

அவள் நகரவில்லை. அவர் சுற்றிக்கொண்டு மறுபக்கமாக வந்தார். புதுப் பூட்டை இடது கையில் பிடித்து, வலது கையால் மூடியைத் தூக்கினார்.

பழுப்பாக ஒன்று அவருடைய காதை உரசிக்கொண்டு பறந்து உத்தரத்தில் போய் உட்கார்ந்தது. தோளில் இருந்த துண்டு கீழே விழுந்தது. டிக்கிக்குள்ளிருந்து சீறலும் அலகைத் தட்டுகிற சத்தமும் வந்தன. மூன்று பஞ்சுருண்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, லாரி பாடி கட்டுவதில் முப்பது வருட அனுபவமுள்ள ஒருவரை முறைத்தன.

தனபால் மூடியை மெதுவாக, மிக மெதுவாக, இருந்த இடத்திலேயே இறக்கினார். அப்புறம் கீழே கிடந்த காலி பெயிண்ட் டப்பாவில் உட்கார்ந்தார்.

“எத்தன நாளா?”

“நாப்பத்தெட்டு நாளாச்சுங்க.”

“ஒரு மண்டலம்.” அவர் தலையை ஆட்டினார். “மலைக்கு மால போட்டாப்ல விரதமே இருந்திருக்கற.”

அன்பழகன் கதவோரமாக நின்று, தனக்கு இதில் சம்பந்தமில்லை என்பது போல ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தான். வண்டிக்கு ஆந்தை ஆகாதே என்று தனபால் அவனிடம் முறையிட்டார். அன்பழகன் யோசித்துப் பார்த்துவிட்டு, தான் கல்கத்தாவுக்கு முட்டை லோடு ஓட்டிய காலத்தில் அங்கே லட்சுமியின் வாகனமே ஆந்தைதான் என்று சொன்னான். அங்கே அதைக் கும்பிடுகிறார்கள். நமக்கு ஆகாதது அவங்களுக்கு ஆகுது, எந்த ஊர் எல்லையில மாறுதுன்னுதான் தெரியலீங்க என்றான்.

தனபாலுக்கு அது கொஞ்சம் தெம்பாக இருந்தது. எழுந்து வேட்டியைத் தட்டினார்.

“எப்படியோ, ஆத்தா வெள்ளை குடுத்துட்டா. வண்டி போகோணும். அவ வாக்கு.”

வசந்தாமணி அவரையே பார்த்தாள். சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தாள். வாய் கேட்கவில்லை.

“ஆத்தா குடுத்தாளா, சீட்டு நூலு குடுத்துச்சுங்களா?”

தனபாலின் முகம் முதலில் வெளுத்தது. பிறகு மெல்ல ஒரு தைரியம் வந்தது.

“வெள்ள எதுன்னு தெரிஞ்சுக்கத்தான் உன்ற பொட்டலத்தப் பிரிச்சேன். ஒண்ணுல செகப்பு. சரி, இன்னொண்ணத்தப் பிரிச்சேன். அதுலயும் செகப்பு.”

சௌந்தர்யா அம்மாவைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அன்பழகன் ஸ்பானரைத் துடைப்பதை நிறுத்திவிட்டான்.

“அப்ப ஆத்தாகிட்ட யாருமே எதும் கேக்கலியா?” என்றாள் சௌந்தர்யா.

தனபால் மறுபடியும் டப்பாவில் உட்கார்ந்தார். இந்தத் தடவை பேசியபோது அவர் குரல் தாழ்ந்திருந்தது.

“நான் அங்க போயி சம்பந்திகிட்ட அசிங்கப்பட்டுருவேன்னு நீ பயந்துட்டயாக்கும்னு நெனச்சேன். அந்தக் கிளிப்பச்சை மாதிரி. அதான் ரெண்டுலயும் செகப்பு வெச்சுருக்கறா, என்ற மேல அவளுக்கு நம்பிக்க இல்லேன்னு நெனச்சேன். வழியெல்லாம் சீட்டியடிச்சது அதுக்குத்தான். இல்லாட்டி தொண்டை அடச்சுக்கும்.”

வசந்தாமணி இதை எதிர்பார்க்கவில்லை. சீட்டியை அவள் திருட்டுச் சந்தோஷம் என்றல்லவா நினைத்தாள். ஒரே வண்டியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறார்கள். அவள் பார்த்தது ஜன்னல், அவர் பார்த்தது ரோடு. அவளுடைய ஒரு பொய் அவருக்குள் போய் எவ்வளவு பெரிய உண்மையாக உட்கார்ந்துவிட்டது! முக்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

“கிளிப்பச்சைலயும் நல்லாத்தானுங்க இருந்துச்சு” என்றாள்.

அது பொய். அவருக்கும் தெரியும். ஆனாலும் முகம் கொஞ்சம் தெளிந்தது.

அப்போதுதான் அவருடைய போன் அடித்தது. சம்பந்தி சண்முகவேல். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவர் என்பதால் அவருடைய போனை ஸ்பீக்கரில் போட வேண்டிய அவசியமே இல்லை. தனபால் போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தார். எல்லோருக்கும் கேட்டது.

யோகேஷ் படத்தை அவருக்குக் காட்டியிருக்கிறான். அவர் அதைக் கண்காட்சிக் குழுவின் செயலாளருக்கு அனுப்பியிருக்கிறார். செயலாளர் அரை மணி நேரத்தில் நாலு ஊருக்கு அனுப்பிவிட்டார். இனி ஜீப்பை எவன் பார்ப்பான் சம்பந்தி, ஆந்தைக் கார்தான் எங்கும் பேச்சு என்றார். வாசலிலேயே அதற்குத் தனி இடம். டிக்கி அப்படியே திறந்தபடி, குஞ்சுகள் அப்படியே உட்கார்ந்தபடி. பத்திரிகைக்காரர் ஒருவரையும் செயலாளரையும் கூட்டிக்கொண்டு இப்போதே கிளம்பிவிட்டார். வெயில் இறங்குவதற்குள் வண்டியைக் கொட்டகைக்கு வெளியே கொண்டுவந்து நிறுத்தினால் படம் எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் குரலைக் கொஞ்சம் இறக்கினார்.

“சம்பந்தியம்மா இருக்காங்களா? அவங்க எடுத்த படத்தையெல்லாம் பெருசு பண்ணி, இருபதடிக்குப் பந்தல் போட்டு மாட்டறோம். அவுங்க பேரப் பெருசாப் போட்டுருவோம். இத்தன நாளா இந்தத் தெறமைய எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்கன்னு நான் கேட்டேன்னு சொல்லுங்க சாமி.”

போன் வைக்கப்பட்டது.

தனபால் எழுந்து நின்றார். இரண்டு வருடமாக அவர் காத்திருந்த வார்த்தை சம்பந்தியின் வாயிலிருந்து வந்துவிட்டது. அதுவும் ஜீப்பை விட்டுக்கொடுத்து. அவர் முகம் குழந்தை முகம் மாதிரி ஆகியிருந்தது.

“கேட்டயா வசந்தா? உன்ற பேரு.”

கேட்டது. வசந்தாமணிக்கு அது நெஞ்சுக்குள் எங்கோ போய் இறங்கியது. இருபதடிப் பந்தல். வாசலில் அவள் பெயர். ‘வசந்தாமணி தனபால்’ என்று போடுவார்களோ, வெறும் ‘வசந்தாமணி’ என்று போடச் சொல்லலாமோ? வெறும் வசந்தாமணிதான் நன்றாக இருக்கும். அறுநூறில் எந்தப் படத்தை முதலில் மாட்டுவது என்றுகூட அவள் மனம் தேட ஆரம்பித்துவிட்டது. அதற்காக அவள் வெட்கப்படவில்லை. ஆசையை ஆசை என்று தெரிந்துகொள்வது நல்லதுதான்.

உத்தரத்தைப் பார்த்தாள். தாய் ஆந்தை அங்கேயே இருந்தது. தலையை மேலும் கீழும் ஆட்டவில்லை. அசையாமல் டிக்கியையே பார்த்துக்கொண்டிருந்தது. கூட்டை விட்டு எழுப்பினால் அரை மணி நேரத்தில் திரும்பிவிடும் என்று அவளுக்குத் தெரியும். சேலம் வரைக்கும் அறுபது கிலோமீட்டர் போய், ஆயிரம் பேர் எட்டிப் பார்த்து, சாயங்காலம் திரும்பி வருகிற ஒரு கூட்டுக்கு எந்தத் தாய் காத்திருக்கும்?

“மெதுவா ஓட்டிட்டுப் போலாம்மா” என்றாள் சௌந்தர்யா. “இருவதுல. டிக்கில துண்டு விரிச்சுக்கலாம். நான் வேணும்னா பின்னாடியே வேற காருல வாரேன். மாமா இப்பதான் முதல் தடவையா அப்பாவை மெச்சிப் பேசறாரு.”

“மொதல்ல வெளிய எடுப்பம்” என்றார் தனபால். “வாசல் வெளிச்சத்துல ஒரு படம். அதுக்கப்பறம் பேசிக்கலாம். சாவியக் குடு வசந்தா.”

சாவிகள் அவர் கையில் தங்குவதில்லை. பட்டறைச் சாவி, பீரோ சாவி, வண்டிச் சாவி எல்லாம் முப்பது வருடமாக அவள் இடுப்புக் கொத்தில்தான்.

“சாவி இல்லாமயே ஸ்டார்ட் பண்ணிரலாமுங்க” என்று அன்பழகன் உதவிக்கு வந்தான். “ரெண்டு ஒயரு தொட்டா போதும்.”

தனபால் அவனைத் திரும்பிப் பார்த்தார். “நான் ஒயரக் கேக்கல” என்றார்.

அப்புறம் மனைவியிடம் கையை நீட்டினார். கேட்கிற கை. அதட்டுகிற கையாக இருந்திருந்தால் வசந்தாமணிக்கு என்ன செய்வதென்று உடனே தெரிந்திருக்கும். இந்தக் கைக்கு அவள் கொடுக்காதது எதுவும் இல்லை. விரல் ஓரத்தில் இன்னும் சாம்பல் நிறப் பெயிண்ட் ஒட்டியிருந்தது.

தார்ச்சாலை வளைவில் ஒரு ஜீப்பின் ஹாரன் கேட்டது. எடப்பாடியிலிருந்து இவ்வளவு சீக்கிரமா? போன் பண்ணும்போதே முக்கால் வழி வந்திருப்பார். சம்பந்திக்கு எதிலும் பொறுமை கிடையாது.

“சாவி ஊட்டுல இருக்குதா?” என்று தனபால் கேட்டார். வீட்டில் இருக்கிறது என்று அவள் சொன்னால் நம்பத் தயாராக இருந்தார். நம்ப விரும்புகிறார் என்றுகூட அவளுக்குத் தோன்றியது. வாசலில் வந்து நிற்கப் போகிறவர்களிடம் சொல்ல அவருக்கும் ஒரு காரணம் கிடைத்துவிடும்.

நாற்பத்தெட்டு நாளாக அவள் சொன்ன பொய்களெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. பெயிண்ட், பம்பர், பூ. இன்னொன்றையும் அதோடு சேர்ப்பது சுலபம்.

வசந்தாமணி கீழே கிடந்த துண்டை எடுத்து உதறி, தனபால் நீட்டிய அந்தக் கையில் வைத்து, அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“இல்லீங்க. இங்கதான் இருக்குது, என்ற இடுப்புல” என்றாள்.

சொல்லிவிட்டு, கொத்தை எடுக்காமலே முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய், டிக்கிக்குப் பக்கத்தில் போட்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.